குதிரைமுகம்

கீழே தள்ளியதுமில்லாமல்
குழியும் பறித்ததாம் குதிரை என்பார்கள்.
பிஸ்கட் அப்படியில்லை.
தள்ளிவிட்டுப் பக்கத்திலேயே நின்று
என் தலைக்கவசத்தை மோந்துகொண்டிருந்தது,
கிராஞ்சியின் ஒற்றைச் சாலையில்
ஆம்புலன்ஸ் வழி தேடி வரும்வரை.

இன்னொரு தடவை விழுந்தால், என்று தொடங்கிய மருத்துவர்
வாக்கியத்தை முடிக்கவில்லை.
இடுப்பெலும்பின் படத்தை
என் பக்கம் திருப்பி வைத்தார்.

பூட்ஸை கரோசலில் விற்றேன்.
அங் மோ கியோ ரயில் நிலையத்தில் வந்து வாங்கியவர்
நாடகத்தில் படைவீரனாம்.
இரண்டு காட்சிகள்தான், என்றார்,
இரண்டிலும் சாகிறேன்.

சனிக்கிழமை காலையை யாரும் வாங்க வரவில்லை.
ஆறு மணிக்குத் தானாக எழுந்த உடம்பு
கேரட் நறுக்கத் தொடங்கிவிடும்.
நறுக்கியதை நானே தின்றேன்,
சமையலறையில் நின்றபடி.

சமூக மன்றத்தில் பெயர் கேட்டார்கள்.
பூங்கோதை.
படிவத்தின் கட்டங்களுக்குள் போய்
மிஸ் பூங் ஆகி வெளியே வந்தேன்.
ஸும்பா. முன்வரிசையில் எழுபத்தொரு வயது மேடம் லிம்
சுழன்று சுழன்று ஆடினார்.
எனக்கு இடது என்றால் வலது போனது.
பதினாறு ஆண்டுகள் நான் சொல்லச் சொல்ல
வேறு நான்கு கால்கள் கேட்டு நடந்தன.
என் இரண்டுக்கும் கேட்டுப் பழக்கமில்லை.

பேட்மிண்டன் ஆடலாமே என்றான் அலுவலக ஹஃபீஸ்.
செயலியில் நள்ளிரவுவரை விழித்தும்
கோர்ட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது.
அவனிடம் அதை அப்படியே மொழிபெயர்த்தேன்.
குதிரைக்குக் கொம்பு கிடையாதே அக்கா?
அதைத்தான் சொல்கிறேன், தம்பி.

மிதிவண்டி பரவாயில்லை.
பூங்கா இணைப்புப் பாதையில் ஒரு மேட்டின் முன்
என்னையறியாமல் நாக்கைச் சொடுக்கினேன்.
கால்வாயோரம் நின்ற கிழவர்
தன்னைத்தான் கூப்பிட்டதாகத் திரும்பினார்.
வண்டி திரும்பவில்லை.
நிறுத்தினால் நிற்கிறது, விட்டால் ஓடுகிறது,
நடுவில் ஒரு கணம்
செய்வதா வேண்டாமா என்று யோசிப்பதேயில்லை.
அந்த ஒரு கணத்துக்காகத்தான்
இத்தனை வருடம் பணம் கட்டினேன் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

மண்பாண்ட வகுப்பில் கிண்ணம் செய்யச் சொன்னார்கள்.
கிண்ணத்துக்குக் கழுத்து முளைத்தது.
நாயா, அழகாக இருக்கிறது, என்றார் சியூ லிங்.
சூளையில் ஒரு காது வெடித்துப் போனது.
இப்போது பதினோராம் மாடி ஜன்னலில் நின்று
எதிர் புளோக்கின் துணிக்கம்பங்களைப் பார்க்கிறது.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது.
யீஷூனில் ஆறில்லை. நீச்சல்குளம் இருந்தது.

இறங்கச் சொன்னவள் தவமணி,
தைப்பிங்கிலிருந்து வந்த இயன்முறை மருத்துவர்.
முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை அழுத்தி,
இதற்குத் தமிழில் பெயர் தெரியுமா என்றாள்.
தெரியாது.
குதிரைமுகம்.
வலிக்கிறதா, ஏன் அழுகிறீர்கள் என்றாள்.
சிரிக்கிறேன் என்றேன்.
இரண்டும்தான்.

புதன்தோறும் மாலையில், வேலை முடிந்து,
இரண்டு குதிரைமுகங்களையும் குளத்தில் இறக்குகிறேன்.
பிடித்திருக்கிறதா என்று யாராவது கேட்டால்
இன்னும் பதில் இல்லை.
கண்ணாடிக்குள் தண்ணீர் வருகிறது,
குளோரின் முடியைத் தின்கிறது,
தண்ணீருக்கு என்னைத் தெரியாது.
தொடையை இறுக்காதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்,
இறுக்க அங்கே ஒன்றுமில்லாதபோதும்.

போன வாரம் பன்னிரண்டாவது நீளத்தில்
சுவரைப் பிடித்துத் தலை தூக்கியதும்
மூக்கு வழியே ஒரு சீறல் வந்தது,
ஈரமாய், உரக்க, உதடு படபடக்க.
பக்கத்துத் தடத்துச் சிறுவன் பயந்துபோய்ப் பார்த்தான்.

நான் கழுத்தை ஒரு உதறு உதறிவிட்டு
அடுத்த நீளத்துக்குத் திரும்பினேன்.
பையில், துவாலைக்குக் கீழே,
கேரட் இருக்கிறது.